சாவி

இன்று நூலகத்தில் ஒரு பழைய ஆவணக் கட்டு கேட்டேன். ஐந்தே நிமிடத்தில் மேசைக்கு வந்தது.

பிரிக்கவே தோன்றவில்லை. அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜான் ஹோப் ஃப்ராங்க்ளின் நினைவுக்கு வந்துவிட்டார்.

1939. வட கரோலினா, ராலே நகர ஆவணக் காப்பகம். ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த கறுப்பின இளைஞர் அவர். அடிமை முறை நிலவிய காலத்திலேயே அங்கே சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பர்களைப் பற்றி ஆய்வு.

சில நாள் காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு தனி அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி.

கூடவே ஆவணக் கிடங்கின் சாவி. வெள்ளை ஊழியர்கள் ஒரு கறுப்பருக்குக் கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது என்பதற்காக!

அவரே உள்ளே போய் எடுத்துக்கொண்டார். வெள்ளை ஆய்வாளர்கள் எங்களுக்கும் சாவி வேண்டும் என்று முறையிட்டதும் அதையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அந்த மேசையில் உட்கார்ந்து எழுதியவர்தான் 1947இல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் முழு வரலாற்றைத் தந்தார். பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்த 1954 தீர்ப்புக்காக வழக்கறிஞர்களுக்கு வரலாற்றுச் சான்றுகள் தேடிக் கொடுத்தார்.

1995இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம். அதற்கு முந்தைய இரவு, வாஷிங்டனில் தான் உறுப்பினராக இருந்த கிளப்பில் நண்பர்களுக்கு விருந்து வைத்திருந்தார்.

ஒரு வெள்ளைப் பெண்மணி அவரிடம் வந்து, கோட்டுகளை வைக்குமிடத்தின் டோக்கனை நீட்டி, தன் கோட்டை எடுத்துவரச் சொன்னார்.

ஃப்ராங்க்ளினுக்கு அப்போது 80 வயது.