காதிஸ்: கிளிஞ்சல் கல்லில் எழுந்த துறைமுகம்

தென் ஸ்பெயினில், செவில்லியா நகரத்தின் சாந்தா ஹுஸ்தா நிலையத்தில் ரயில் ஏறினால் காதிஸ் போய்ச் சேர ஏறக்குறைய 1 மணி 40 நிமிடம். கடைசி நிறுத்தத்தில் இறங்கி வெளியே வந்தால் பழைய ஊர் எதிரிலேயே தொடங்கிவிடும். டாக்சி தேவையில்லை. மூன்று பக்கமும் கடல், ஒரு பக்கம் மட்டும் நிலத்தோடு ஒட்டிய சின்ன ஊர். குறுக்கே நடந்தால் அரை மணிக்குள் அடுத்த கரைக்குப் போய்விடலாம். ஆகவே தூரம் இங்கே பிரச்சினை இல்லை, நேரம்தான் பிரச்சினை. மதியம் 2 மணிவாக்கில் பல இடங்கள் கதவடைத்து மாலையில்தான் திறக்கும். திங்கட்கிழமை அருங்காட்சியகம் கிடையாது. ஒரே நாள் பயணம் என்றால் திங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

எல்லோரும் முதலில் பேராலயத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் தவிரா கோபுரத்தில் ஏறுங்கள். காரணம் இருக்கிறது. 1717இல் அமெரிக்கக் கண்டத்தோடான ஸ்பெயினின் வணிகத்தைக் கட்டுப்படுத்திய அலுவலகம் செவில்லியாவிலிருந்து காதிஸுக்கு மாறியது. அதன்பின் வந்த காசில் வணிகர்கள் வீடு கட்டினார்கள்; மொட்டை மாடியின் மேல் ஒரு கோபுரமும் எழுப்பினார்கள், தங்கள் கப்பல் வருகிறதா என்று பார்க்க. அப்படி 160 கோபுரங்கள் வரை இருந்தன, 120க்கும் மேல் இன்றும் நிற்கின்றன. ஆனால் தெருவில் நடப்பவர் கண்ணுக்கு அவை படுவதில்லை. சந்துகள் அவ்வளவு குறுகல், வீடுகள் அவ்வளவு உயரம். 'பெய்யா எஸ்கொந்திதா', அதாவது மறைந்திருக்கும் அழகி, என்ற எண்கோணக் கோபுரத்தைத் தெருவிலிருந்து பார்க்கவே முடியாது. தவிராவின் மேல்மாடியிலிருந்து தேடுங்கள், கிடைக்கும். மேலே நின்று பார்த்த பிறகுதான் கீழே ஒவ்வொரு வீடும் எதற்காக அப்படி இருக்கிறது என்று புரியும்.

கடல் மட்டத்திலிருந்து 45 மீட்டர் உயரத்தில் இருக்கும் தவிராவை 1778இல் துறைமுகத்தின் அதிகாரபூர்வக் காவல் கோபுரமாக அறிவித்தார்கள். முதல் காவலர் அந்தோனியோ தவிராவின் பெயரே கோபுரத்துக்கும் நிலைத்தது. படிகள்தான், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து ஏறவும். 1994 முதல் இங்கே ஓர் இருட்டறைக் கேமரா இயங்குகிறது. அறையை முழுக்க இருட்டாக்கி, உச்சியில் உள்ள கண்ணாடியும் லென்ஸும் வெளியே தெரிவதைக் கீழே ஒரு வெள்ளை வட்டத் திரையில் விழச் செய்கின்றன. அது எடுத்து வைத்த படமல்ல, அந்த நொடியில் நடப்பது: கொடியில் துணி ஆடும், கடற்புறா பறக்கும், துறைமுகத்தில் கப்பல் நகரும். வழிகாட்டி கண்ணாடியைத் திருப்பத் திருப்ப ஊரே மேசைமேல் சுற்றி வரும். வெளிச்சம்தான் இதற்கு எரிபொருள். மூடுபனியோ கனத்த மேகமோ இருந்தால் படம் மங்கிவிடும். ஆகவே வெயில் நன்றாக ஏறிய நேரமாகப் பார்த்துச் சீட்டு வாங்குங்கள். காட்சிகள் மொழி வாரியாக, சிறு குழுக்களுக்கு நடக்கும். உல்லாசக் கப்பல் வந்த நாளில் சீக்கிரம் நிரம்பிவிடும்.

இறங்கியதும் சுவர்களைப் பாருங்கள். காரை உதிர்ந்த ஓர் இடத்தில் கிட்டப் போய் நின்றால் கல்லுக்குள் சிப்பி, கிளிஞ்சல், கூழாங்கல் எல்லாம் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தடவினால் ஓட்டின் வரி தட்டுப்படும். 'பியத்ரா ஒஸ்தியோனேரா' என்று இங்கே சொல்கிறார்கள். கடலடியில் படிந்து இறுகிய கல், இந்த ஊரின் கோட்டை முதல் வீடு வரை இதுதான். ஓட்டை ஓட்டையான கல் என்பதால் உப்பு ஈரம் உள்ளே போகும். காயும்போது உப்பு படிகமாகி உள்ளிருந்தே கல்லை உடைக்கும். அதனால்தான் பழைய கட்டடக்காரர்கள் மேலே சுண்ணாம்புக் காரை பூசினார்கள். 'பழமை தெரியட்டும்' என்று காரையைச் சுரண்டிக் கல்லை வெளியே காட்டும் வீடுகள் கண்ணுக்கு அழகுதான், ஆனால் கல்லுக்குக் கேடு.

ஊரில் ஆறு இல்லை. மழைநீரை மொட்டை மாடியில் பிடித்து, முற்றத்துக்கு அடியில் உள்ள தொட்டியில் தேக்கினார்கள். திறந்த வாசல் தெரிந்தால் எட்டிப் பாருங்கள், முற்றத்தின் நடுவே அந்தத் தொட்டியின் வாய் இருக்கும். தெருமுனைகளில் பழைய பீரங்கிகளைச் செங்குத்தாக நட்டிருப்பது வண்டிச் சக்கரம் வீட்டு மூலையை இடிக்காமல் இருக்க.

பேராலயத்தின் கட்டுமானம் 1722இல் தொடங்கி 1838இல்தான் முடிந்தது. அத்தனை காலத்தில் கட்டடக் கலைஞர்களும் மாறினார்கள், கல்லும் மாறியது. வெளியே நின்றே நிற வேறுபாட்டைக் காணலாம். உப்புக் காற்றில் கல் உதிர்வதால் உள்ளே தலைக்கு மேல் வலை கட்டியிருக்கிறார்கள். நிலவறை கடல் மட்டத்துக்கும் கீழே. இசையமைப்பாளர் மானுவேல் தெ ஃபாயாவின் கல்லறை அங்கேதான். தாழ்ந்த வட்டக் கூரையின் கீழ் நின்று மெல்லப் பேசினாலும் குரல் சுற்றி வரும்.

பேராலயத்தின் பின்புறம் பொப்புலோ பகுதி. 1980இல் இங்கே தோண்டியபோது கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானிய அரங்கம் வெளிப்பட்டது. ஒரு பகுதி இன்னமும் வீடுகளுக்கு அடியில் கிடக்கிறது. படிக்கட்டு இருக்கைகளைவிட அவற்றின் கீழே வளைந்து செல்லும் கூரையிட்ட நடைபாதையைத் தவறவிடாதீர்கள்.

இதைவிடப் பழையது பொம்மலாட்ட அரங்குக்குக் கீழே இருக்கிறது. இன்றைய லெபனான் கரையிலிருந்து வந்த பழங்காலக் கடல் வணிகர்கள் ஃபீனீசியர். தெருவிலிருந்து சுமார் 9 மீட்டர் ஆழத்தில் அவர்களின் காதிர் என்ற ஊர், கி.மு. 9ஆம் நூற்றாண்டு வீடுகளும் தெருக்களும் ரொட்டி அடுப்புகளும். ஃபீனீசியரின் தீர் நகரத்தார் கி.மு. 1104இல் ஊரை நிறுவினார்கள் என்பது பழைய மரபு. அவ்வளவு தொன்மைக்கு மண்ணில் சான்று கிடைக்கவில்லை. அனுமதி இலவசம், ஆனால் குறித்த நேரத்தில் குழுவாகத்தான் விடுவார்கள். காலையிலேயே போய் உங்கள் நேரத்தைப் பதிந்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

மீனா சதுக்கத்து அருங்காட்சியகத்தில் இரண்டு ஃபீனீசியப் பளிங்குச் சவப்பேழைகள் அருகருகே படுத்திருக்கின்றன. ஆணின் பேழை 1887இல் கிடைத்தது. அதற்கு இணையாக ஒரு பெண் பேழையும் இருக்கும் என்று நம்பி அருங்காட்சியக இயக்குநர் பெலாயோ கிந்தேரோ ஆண்டுக்கணக்கில் தேடினார். கிடைக்காமலேயே 1946இல் இறந்தார். 1980இல் அது கிடைத்தது, அவர் முன்பு குடியிருந்த வீட்டு மனையில். முகத்துக்கு நேராக நின்று, சுருண்ட முடியையும் கையில் உள்ள சிறு குப்பியையும் நிதானமாகப் பாருங்கள்.

சான் ஃபெலிப்பே நேரி ஆலயத்தில்தான் 1812 மார்ச் 19இல் அறிவிக்கப்பட்ட ஸ்பெயினின் அரசியல் சட்டம் விவாதிக்கப்பட்டது. நெப்போலியனின் படை ஊரை முற்றுகையிட்டிருந்த காலம் அது. அமெரிக்கக் கண்டத்துப் பிரதிநிதிகளும் இங்கே உட்கார்ந்தார்கள், வெளிச்சுவரின் நினைவுப் பலகைகளில் அதைப் படிக்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு மத்தியச் சந்தை. 'தோர்த்தியீத்தா தெ கமரோனெஸ்' கேளுங்கள்: கடலை மாவும் கோதுமை மாவும் நீர்க்கக் கரைத்து, வெங்காயமும் பார்ஸ்லியும் ஓட்டோடு பொடி இறாலும் கலந்து, எண்ணெயில் மெல்லிசாகப் பரப்பிப் பொரிப்பது. ஓரம் மொறுமொறுவென்று வலைபோல இருக்க வேண்டும். தடித்து மெத்தென்று வந்தால் அது முன்பே பொரித்து வைத்தது. திங்களன்று மீன் கடைகள் வெறிச்சோடியிருக்கும், ஞாயிறு மீன்பிடிப் படகு போகாது என்பதால்.

காற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். கிழக்கிலிருந்து வரும் 'லெவாந்தே' பிடித்தால் நாள்கணக்கில் வீசும், கடற்கரை மணல் முகத்தில் அறையும். விரிகுடாவுக்கு அப்பால் உள்ள எல் புவேர்த்தோ ஊருக்குப் போகும் பயணிகள் படகும் பலத்த காற்றில் நின்றுவிடும், அப்போது ரயில்தான்.

மாலையை லா கலேத்தா கடற்கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேய, டச்சுப் படைகள் 1596இல் ஊரைச் சூறையாடிய பிறகு எழுந்த நட்சத்திர வடிவ சாந்தா கத்தலீனா கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. வற்று நேரம் எப்போது என்று போனில் பார்த்துவிட்டு வாருங்கள். நீர் இறங்கினால், ஊர்ச் சுவர்களில் பார்த்த அதே கிளிஞ்சல் கல் இங்கே பாறைத் தட்டுகளாக வெளியே தெரியும். பாசி வழுக்கும், ரப்பர் செருப்பு போதாது. பிடிப்புள்ள காலணி போட்டு, நீர் ஏறத் தொடங்கும் முன் கரைக்குத் திரும்பிவிடுங்கள்.