ஏழு ஆண்டுகள் என்பது எத்தனை நாட்கள்

ஜூன் 3, 2024, திங்கள்

ஒப்பந்தப் பத்திரங்களைப் படித்துத் திருத்துவதே என் பிழைப்பு என்பதாலோ என்னவோ, பழைய ஹாலிவுட் நடிகைகளைப் பற்றிப் படிக்கும்போதும் அவர்களுடைய காதல் கதைகளைவிட அவர்கள் கையெழுத்திட்ட தாள்களே என்னை ஈர்க்கின்றன. 1930களில் வார்னர் பிரதர்ஸ் போன்ற ஒரு ஸ்டுடியோ நடிகையை ஏழு ஆண்டுகளுக்கு எழுதி வாங்கிக்கொண்டது. இடையில் விலக்கிவிடும் உரிமை ஸ்டுடியோவுக்கு உண்டு. விலகிக்கொள்ளும் உரிமை நடிகைக்குக் கிடையாது. கொடுத்த வேடத்தை அவர் மறுத்தால் சம்பளமின்றி இடைநீக்கம் செய்வார்கள். அப்படிக் கழிந்த நாட்களை ஒப்பந்தத்தின் வாலில் சேர்த்துவிடுவார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் நான் கிழித்துப் போட்ட தாள்களை யாரோ பொறுக்கிவந்து அடியில் மறுபடி ஒட்டிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்?

ஜூன் 5, புதன்

வார்னர் நடிகை ஆன் டிவோராக் 1932இல், ஒரு படத்தில் தன் மகனாக நடித்த சிறுவனுக்கும் தனக்கும் வாரச் சம்பளம் ஒன்றே, 250 டாலர், என்று அறிந்து, கணவருடன் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். பல மாதங்கள் கழித்துத் திரும்பியவருக்கு முன்பு கிடைத்த தரத்தில் வேடங்கள் வரவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

இன்று முழுவதும் இன்னொரு வார்னர் நடிகை பெட் டேவிஸின் லண்டன் வழக்கோடு கழிந்தது. வழக்கின் தலைப்பில் அவர் பெயரே இல்லை. கணவரின் பெயரால் 'நெல்சன்' என்றுதான் இருக்கிறது. 1936இல் ஆஸ்கர் விருது வாங்கிய கையோடு, தனக்கு ஒவ்வாத வேடங்களை மறுத்து, இங்கிலாந்தில் படம் நடிக்க ஒப்புக்கொண்டு கடல் கடந்தவரை ஸ்டுடியோ அங்கேயே நீதிமன்றத்துக்கு இழுத்தது. ஸ்டுடியோவின் வழக்கறிஞர் சர் பேட்ரிக் ஹேஸ்டிங்ஸ் அவரை, கூடுதல் பணம் கேட்டு அடம்பிடிக்கும் குறும்புக்காரப் பெண்ணாகச் சித்திரித்தார். வாரத்துக்கு 1,350 டாலர் வாங்குகிறவர் அடிமையா என்ற கேலி நன்றாகவே எடுபட்டது.

நீதிபதி பிரான்சனின் தர்க்கத்தை மூன்று முறை படித்தேன். ஸ்டுடியோவுக்காக நடித்தே தீர வேண்டும் என்று டேவிஸைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் வேறு யாருக்கும் நடிக்கக் கூடாது என்று தடுக்க முடியும். அவர் அறிவும் திறமையும் வசதியும் உடையவர் என்பதால், நடிப்பில் கிடைக்கும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் வேறு ஏதேனும் தொழில் செய்து பிழைத்துக்கொள்ளலாமாம். ஸ்டுடியோவுக்குத் தடையாணை கிடைத்தது. புத்திசாலி என்று புகழ்ந்தே ஒருவரின் தொழிலைப் பூட்டிவைக்க முடியும் என்பதை இந்தத் தீர்ப்பில்தான் கண்டேன். டேவிஸ் கடனோடு ஊர் திரும்பினார். அதன் பிறகு ஸ்டுடியோ அவருக்கு நல்ல வேடங்களைக் கொடுத்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவைக்க வேண்டும். 1938ஆம் ஆண்டுப் படத்துக்காக இரண்டாவது ஆஸ்கரும் வந்தது.

ஜூன் 12, புதன்

டேவிஸின் கலகத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு ஒலிவியா டி ஹாவிலண்டின் கலகத்தை யாரும் பேசுவதில்லை. சாந்தமான முகத்துக்கு நேர்ந்த கதி போலும்! 1936இல் அதே வார்னரிடம் கையெழுத்திட்டவரின் ஏழு ஆண்டுகள் 1943இல் முடிந்தன; வேடங்களை மறுத்ததற்கான இடைநீக்க நாட்கள் என்று சுமார் ஆறு மாதங்கள் பாக்கி இருப்பதாக ஸ்டுடியோ கணக்குக் காட்டியது. அவருடைய வழக்கறிஞர் மார்ட்டின் கேங், கலிபோர்னியத் தொழிலாளர் சட்டத்தின் ஒரு பிரிவை எடுத்து வைத்தார்: ஒருவரின் உழைப்பை ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஒப்பந்தத்தின் பெயரால் கட்டிவைக்க முடியாது. ஏழு ஆண்டுகள் என்றால் உண்மையில் வேலை செய்த நாட்களின் கூட்டுத்தொகை என்றது ஸ்டுடியோ. காலண்டர் காட்டும் ஆண்டுகளே என்றது நீதிமன்றம். 1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அந்தப் பாதுகாப்பைத் தொழிலாளியே முன்கூட்டி எழுதிக்கொடுத்துவிட முடியாது என்பதுதான், என் கண்ணுக்கு, அத்தீர்ப்பின் உயிர்நாடி.

வழக்கு நடந்த காலத்தில் ஸ்டுடியோ அதிபர் ஜாக் வார்னர் மற்ற ஸ்டுடியோக்களுக்கெல்லாம் எழுதி, அவருக்கு வேலை கிடைக்காமல் பார்த்துக்கொண்டார். ஒலிவியா அலூஷியன் தீவுகளிலும் தென் பசிபிக்கிலும் ராணுவ மருத்துவமனைகளைச் சுற்றி வந்தார். ஃபிஜியில் நிமோனியாவில் படுத்தார்.

ஜூன் 16, ஞாயிறு

இரவு 'டிவோஷன்' பார்த்தேன். ஆங்கில எழுத்தாளர்களான பிராண்டே சகோதரிகளைப் பற்றிய படம். வழக்குக்கு முன்பே எடுத்து முடித்ததை 1946 வரை ஸ்டுடியோ பெட்டிக்குள் வைத்திருந்தது. அதே ஆண்டு வெளியான, வேறொரு ஸ்டுடியோவின் படத்துக்காகத்தான் ஒலிவியாவுக்கு முதல் ஆஸ்கர் கிடைத்தது. தொடக்க எழுத்துகளில் படத்தை நிறுத்திப் பெயர்களைப் படித்தேன். முதலில் ஐடா லுபினோ, அடுத்து பால் ஹென்ரீட். சகோதரிகளில் ஒருவரான சார்லட்டாக நடித்த ஒலிவியாவின் பெயர் மூன்றாவதாக இருந்தது.