மடத்தில் சில நாட்கள்

இந்தத் தவக்காலத்தில் பாம்பன் பக்கத்துப் பெண்கள் சிலரோடு ஒரு கன்னியர் மடத்தில் போய்த் தங்கினேன். சிஸ்டர்கள் வாழ்கிறபடியே கொஞ்ச நாள் வாழ்ந்து பார்க்கத்தான். காலைச் செபம், சமையல், தோட்ட வேலை, மாலைச் செபம். இரவுச் செபம் முடிந்தால் யாரும் பேசக்கூடாது.

என் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா கடற்பாசி எடுப்பவர். மரிக்கொழுந்து பாசி பாறையோடு ஒட்டி வளரும். துணி சுற்றிப் பறித்தாலும் விரல் கிழியும். தழும்பேறிய அந்த விரலை வைத்துத் திருப்புகழ்மாலை என்ற செப நூலை வரி வரியாக வாசித்தார். "வீட்டுல செபத்துக்கு உக்காந்தா பாதியிலயே கூப்பிட்டுருவாக தாயி. இங்க ஆண்டவர்கிட்ட முழுசாப் பேச முடியுது" என்றார்.

1693-ல் புனித அருளானந்தர் விசுவாசத்துக்காக ரத்தம் சிந்தி உயிர்விட்ட ஓரியூருக்கு நடந்தே போகிற பெண்கள் இவர்கள். பக்தியை யாரும் சொல்லித்தர வேண்டாம். கொஞ்சம் தனிமை கிடைக்க வேண்டும். விருந்தினரைக் கிறிஸ்துவாகவே வரவேற்கச் சொல்லி 6-ஆம் நூற்றாண்டிலேயே புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தம் மடத்துக்கு ஒழுங்கு எழுதினார். நம் மடங்களும் இன்னும் தாராளமாகக் கதவைத் திறக்கலாம்.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். ஆசை இருக்கிறவர்கள் அப்போதாவது உங்கள் பங்குக் கோயில் சிஸ்டர்களிடம் கேட்டுப் பாருங்கள்.