இரவு பத்தரைக்கு மேல்

அந்த வீட்டை விட்டு வந்து எட்டு மாதம். இப்போது திருகோணமலை திருக்கடலூரில் அம்மாவோடு இருக்கிறேன். பகலில் ஒரு பிரச்சினையும் இல்லை, வேலைக்குப் போகிறேன், எல்லாரோடும் கதைக்கிறேன். ஆனால் இரவு பத்தரை தாண்டினால் காது தானாகவே வாசல் பக்கம் போய்விடும், ஏனென்றால் ஐந்து வருடமாக அந்த நேரத்துக்குத்தான் கேற் திறக்கும், கொண்டி விழுகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு அடி விழுமா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

கடலுக்குப் போகிற வள்ளங்களின் எஞ்சின் சத்தம் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தது. இப்போது அதற்கும் திடுக்கிட்டு எழும்புகிறேன். கதவை மூன்று தரம் பார்க்கிறேன், அப்புறம் வெறும் பால்மாப் பேணிக்குள் இரண்டு கரண்டியைப் போட்டுக் கதவோடு சாய்த்து வைக்கிறேன். யாராவது தள்ளினால் விழுந்து சத்தம் போடும். அம்மா பார்த்தும் ஒன்றும் கேட்பதில்லை. அதற்கு அவவுக்கு நன்றி.

"அதுதான் வந்திட்டாய் தானே பிள்ளை, இனி என்ன பயம்" என்கிற சொந்தக்காரருக்கு: பயமும் என்னோடு கூடவே வந்துவிட்டது.

இன்னும் அப்படி ஒரு வீட்டுக்குள் இருக்கிறவர்கள் 1938க்கு எடுங்கள், இலங்கையின் மகளிர் உதவி இலக்கம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். காயம் காட்டத்தான் வேண்டும் என்றில்லை, மனதை வதைப்பதும் அந்தச் சட்டத்தில் வன்முறைதான். எனக்கு இது பிந்தித்தான் தெரிந்தது.

நேற்று இரவு பேணி விழுந்தது. பூனை. அம்மா எழும்பி வந்து லைற்றைப் போட்டுவிட்டு, விடியும் வரை என் பக்கத்திலேயே படுத்திருந்தா.