18 கிராம் பாக்கி

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இரண்டு நீள நோட்டுகள் இருந்தன. ஒன்று மொய் நோட்டு. எங்கள் காதுகுத்துக்கு யார் வீட்டிலிருந்து எவ்வளவு வந்தது, அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் திருப்பி எவ்வளவு செய்தோம் என்று பக்கம் பக்கமாக இருக்கும். மதுரைப் பக்கம் அந்த நோட்டு இல்லாத வீடு ஏது? இன்னொன்று பரலோகத்தோடு வைத்திருந்த கணக்கு. வியாகுல மாதாவுக்கு 5 மெழுகுதிரி. அந்தோணியாருக்கு 13 செவ்வாய். வேளாங்கண்ணியில் தம்பிக்கு மொட்டை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே சிவப்பு மையில் ஒரு சின்னச் சிலுவைக் குறி. செலுத்தியாயிற்று என்று அர்த்தம்.

ஒரே ஒரு வரிக்குத்தான் குறி இல்லை. "இடைக்காட்டூர் திருஇருதய ஆண்டவருக்கு கிறிஸ்மஸ் காலைப் பூசையில் வெள்ளித் தொட்டில் 80 கிராம். பேரனுக்காக."

அந்தப் பேரன் என் மகன். 2001 டிசம்பர் 8, அமலோற்பவ மாதா திருநாளன்று, ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். 1 கிலோ 300 கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்தான். உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் தினமும் சொல்வார். டிசம்பர் 25 விடியற்காலையில் குழாயை எடுத்தார்கள், அவனாகவே மூச்சு விட்டான். அம்மா நேர்ந்துகொண்டாள், பிள்ளை பிழைத்தான். 24 வருடமாக எல்லாரிடமும் நான் இப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

தொட்டில் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. ஒரு வருடம் அப்பாவின் வைத்தியம், ஒரு வருடம் தங்கையின் கல்யாணம். ஓசியில் ஒரு டீ குடிக்க மாட்டாள் அம்மா. பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் குழம்பு வந்தால், அந்தக் கிண்ணம் வெறும் கிண்ணமாகத் திரும்பிப் போனதே கிடையாது. அப்படிப்பட்டவளுக்கு ஆண்டவரிடமே கடன். போன ஆடியில் கண்ணை மூடுவதற்கு முந்தின நாள்கூட, "தொட்டில் பாக்கி இருக்குடி" என்றாள்.

சரி, இந்தக் கிறிஸ்துமஸுக்கு முடித்துவிடுவது என்று தெற்கு ஆவணி மூல வீதிக்குப் போனேன். வெள்ளி விலை ஏறிக் கிடக்கிற ஏற்றத்தில், கையில் இருந்த பணத்துக்குச் செய்கூலி போக 62 கிராம்தான் வந்தது. கடைக்காரர் இரண்டு தடவை கணக்குப் போட்டு எழுதிக் காட்டினார். 18 கிராம் குறைகிறது. இருந்த ஒரு ஜோடிக் கொலுசையும் போட்டிருக்கலாமோ என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் முழுக்க அதே நினைப்பு.

நாங்கள் கத்தோலிக்கர், எதிர்வீட்டுத் தங்கச்சி புராட்டஸ்டன்ட், சி.எஸ்.ஐ. சபை. தொட்டிலைப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, ரட்சிப்பே இலவசம். 'இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு'ன்னு எபேசியர்ல இருக்கு. நீங்க என்னன்னா கிராம் கணக்குப் பாக்குறீங்க" என்றாள். நானும் விடவில்லை. "அப்ப நீ எதுக்கு மாசாமாசம் தசமபாகம் கட்டுற?" என்று கேட்டேன். இருவரும் சிரித்துவிட்டோம். ஆனால் அவள் சொன்னது புதிதில்லை. திருவருகைக் காலத் தியானத்தில் எங்கள் சாமியாரும் அதையேதான் சொன்னார். 1999 அக்டோபர் 31 அன்று கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்களாம். நம்முடைய தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை என்று. கேட்டு ஆமென் சொல்லிவிட்டுத்தான் நான் வெள்ளிக் கடைக்குப் போனேன்.

நள்ளிரவுப் பூசைக்குக் கீழவெளி வீதி மரியன்னை பேராலயம். அந்தக் கூட்டத்தைப் பற்றி என்ன எழுதுவது! இரட்டைக் கோபுரத்திலும் சீரியல் லைட், அதன் கீழே போன் பிடித்தபடி ஆயிரம் கைகள். பாலன் பிறந்த நேரத்தில் மணி அடிக்க, எனக்கு முன்னால் நின்ற பையன் யாருக்கோ வீடியோ கால் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். குடிலைப் பார்க்கவே முடியவில்லை, அவன் போனுக்குள் தெரிந்த குடிலைத்தான் பார்த்தேன். "மனிதர் அனைவருக்கும் மீட்பராம் கடவுளின் அருள்" என்று வாசகம் போய்க்கொண்டிருந்தபோது மடியில் இருந்த பையைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் தொட்டில்.

பூசை முடிந்ததும் மகன் வண்டியில் மாட்டுத்தாவணிக்குக் கூட்டிப்போனான். ராமேஸ்வரம் பஸ்ஸில் கடைசி சீட். சிலைமான், திருப்புவனம், திருப்பாச்சேத்தி எல்லாம் தூக்கத்திலேயே போய்விட்டன. முத்தனேந்தலில் நாலரைக்கு இறங்கினால் நல்ல பனி. நின்றிருந்த ஒரே ஆட்டோக்காரர் 300 ரூபாய் என்றார். ரெண்டு கிலோமீட்டருக்கு 300. "பண்டிகை நாள்ல அப்டித்தான்க்கா" என்றார். அவர் குழந்தை குட்டிக்கும் பண்டிகைதானே என்று நினைக்க வேண்டிய நாள். எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது. நடந்தோம்.

வைகைப் பாலத்தின்மேல் நடக்கும்போது ஊர்ப்பக்கமிருந்து மார்கழிப் பாட்டு ஸ்பீக்கரில் வந்தது. ஒரு வீட்டு வாசலில் ஒரு அம்மா கோலத்துக்கு நடுவே சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கேட்காமலேயே, "சர்ச்சுதானே, நேரா போங்க" என்றார். என் முட்டி வலி தாங்காமல் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. மகன் பையை வாங்கிக்கொள்கிறேன் என்றான், கொடுக்கவில்லை. நேர்ச்சைப் பொருளை நேர்ந்தவர் வீட்டு ஆள்தான் சுமக்க வேண்டும் என்று அம்மா சொல்வாள். அவனுக்காகத்தானே நேர்ந்தது, அவனும் வீட்டு ஆள்தானே என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

இடைக்காட்டூர்க் கோயிலை இருட்டில் பார்த்திருக்கிறீர்களா? வயலுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவில் அப்படியொரு கோயில் நிற்கும் என்று யாரும் நினைக்க முடியாது. 1894இல் செல்லி என்ற பிரெஞ்சுச் சாமியார் கட்டியது. அவர்கள் நாட்டு ராஜாக்களுக்கு முடிசூட்டிய ரீம்ஸ் பேராலயத்தின் சாயல். அச்சு அச்சாக 200 வகைச் செங்கல் வார்த்தார்களாம். பிரான்சில் ஒரு பெண் தன் வேண்டுதல் பலித்ததற்கு நன்றியாகக் கொடுத்த பணத்தில் தொடங்கியது என்று ஊரில் சொல்வார்கள். அவளுக்கும் ஒரு நோட்டு இருந்திருக்கும்.

வாசலில் மெழுகுதிரி, மாலை, தகரத் தொட்டில் விற்கிற ஆட்கள். ஒருவர் பின்னாலேயே வந்தார். "தொட்டில் அம்பதே ரூவாக்கா, போட்ருங்க, அடுத்த வருசமே பேரன்." எனக்குக் கோபம் வந்து பையைத் திறந்து காட்டிவிட்டேன். அவர் எட்டிப் பார்த்தார். "அசல் வெள்ளியா! எதுக்குக்கா இம்புட்டுச் செலவு? சாமிக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். வியாபாரத்துக்குச் சொன்னாரோ, ஆவியானவர் சொல்ல வைத்தாரோ தெரியாது.

உள்ளே போய்க் காணிக்கைப் பெட்டியைப் பார்த்தேன். ரூபாய் நோட்டு நுழைகிற துவாரம். தொட்டில் எப்படி நுழையும்? திருப்பிப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன், பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. "பூசை முடியட்டும் தாயி, கோயிலறைக்கு வாங்க" என்று உபதேசியார் என்னை நகர்த்தி உட்காரவைத்தார்.

கிறிஸ்துமஸுக்கு இரவு, விடியல், பகல் என்று மூன்று பூசைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாசகங்கள். விடியற்காலைப் பூசையை இடையர்களின் பூசை என்பார்கள். இத்தனை வருடத்தில் நான் அந்தப் பூசையைப் பார்த்ததே இல்லை. நள்ளிரவுப் பூசை முடிந்தால் வந்து படுத்துவிடுவோம், எழுந்தால் கறிக்குழம்பு. அதனால் பவுல் தீத்துவுக்கு எழுதிய திருமுகத்திலிருந்து ஒரு சின்னப்பெண் வாசித்தபோது முதல்முறை கேட்பதுபோல இருந்தது. நாம் செய்த அறச்செயல்களை முன்னிட்டு அல்ல, தம் இரக்கத்தை முன்னிட்டே கடவுள் நம்மை மீட்டார். 'அல்ல' என்ற இடத்தில் அவளுக்கு மூச்சு முட்டி ஒரு நொடி நின்றுவிட்டாள். அந்த ஒரு நொடியில் 18 கிராம் எனக்குள் ஒருமுறை புரண்டது.

பூசை முடிந்து பாலன் சுரூபத்தை முத்தி செய்ய வரிசை. பீடச்சிறுவன் ஒருவன் சுரூபத்தை ஏந்தியிருந்தான், இன்னொருவன் பஞ்சு வைத்து ஒவ்வொரு முத்தத்துக்கும் துடைத்துக்கொண்டிருந்தான். என் முறை வந்தது. எல்லாரும் முத்தி செய்கிற வலது காலில் பெருவிரல் பக்கம் பெயிண்ட் போய், உள்ளே இருந்த வெள்ளைச் சாந்து தெரிந்தது.

நான் குனியவே இல்லை. அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் என் பிள்ளைக்குக் கையில் நரம்பு கிடைக்காமல் காலில்தான் ஊசி போட்டிருந்தார்கள். பிளாஸ்திரி உரிந்த இடத்தில் தோலும் கொஞ்சம் உரிந்து, இதே இடம், இதே போல வெள்ளையாக இருந்தது. பெட்டியின் ஓட்டை வழியாக ஒரு விரலை விட்டு அந்தக் காலைத் தொடுவதற்கு நர்ஸ் அனுமதித்தார். அன்றைக்கு எனக்கு ஒரு ஜெபமும் வரவில்லை. அருள்நிறைந்த மரியேகூடப் பாதியில் மறந்துபோனது. மாதாவுக்கு இது செய்கிறேன், ஆண்டவருக்கு அது தருகிறேன் என்று சொல்லவும் தோன்றவில்லை. விரலை மட்டும் வைத்துக்கொண்டு நின்றேன். இப்போது என் பக்கத்தில் ஆறடி உயரத்தில் அவன் நிற்கிறான், "ம்மா, எல்லாரும் வெயிட் பண்றாங்க" என்கிறான். எனக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. முத்தி செய்தேனா, செய்யவில்லையா, ஞாபகமில்லை. பஞ்சு வைத்திருந்த பையன் என் கன்னத்தையும் சேர்த்துத் துடைத்தான்.

கோயிலறையில் ஒரே நெரிசல். சாமியாருக்கு அடுத்து வேறொரு ஊரில் பூசை, அங்கியைக் கழற்றிக்கொண்டே தொட்டிலைத் தொட்டு மந்திரித்துவிட்டு, "உபதேசியார்ட்ட குடுத்து ரசீது வாங்கிக்கோங்கம்மா" என்று கிளம்பிவிட்டார். உபதேசியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு யார் பேருக்கு என்று கேட்டார். அம்மாவின் நோட்டையே விரித்துக் காட்டினேன். அவர் வரியை வாசிக்கவில்லை, பக்கத்தின் ஓரத்தில் இருந்த தேதியை வாசித்தார்.

"27-12-2001. நேந்து இருவத்தி நாலு வருசமாச்சே தாயி."

நோட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். 27தான். அம்மாவின் ஏழு, நடுவில் கோடு போட்ட ஏழு. குழாயை எடுத்தது 25 விடியற்காலை. பிள்ளை பிழைத்து இரண்டு நாள் கழித்து நேர்ந்திருக்கிறாள். முன்னாலேயே மனதில் நேர்ந்து, பிறகு எழுதியிருப்பாளோ? அம்மாவா? மொய் எழுதாமல் பந்தியில் உட்காராத ஆள் அவள். நேர்ந்தால் அந்த நிமிடமே நோட்டில் ஏறிவிடும்.

அப்படியானால் அந்தத் தொட்டிலுக்காக அவன் கிடைக்கவில்லை. கிடைத்த பிறகு, சும்மா வாங்கி வைத்துக்கொள்ள மனசு கேட்காமல், பழக்க தோஷத்தில் எழுதியிருக்கிறாள். அதை விலை என்று நினைத்து நான் 24 வருடம்...

"எத்தன கிராம்?" என்றார் உபதேசியார்.

"62. அம்மா 80ன்னு எழுதியிருக்காங்க. 18 கொறையுது."

அவர் ரசீதுப் புத்தகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "பாக்கின்னு போட இதுல கட்டம் இல்லியே" என்றார், 62 என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

வெளியே வந்தபோது விடிந்திருந்தது. செங்கல் சுவரெல்லாம் பனியில் நனைந்து கறுஞ்சிவப்பாக நின்றது. இளைஞர்கள் சிலர் பெரிய கேனில் டீயும் ஒரு தாம்பாளத்தில் கேக் துண்டுகளும் வைத்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பர்ஸைத் திறக்கப் போனேன். "காசெல்லாம் வேணாம்மா, கிறிஸ்மஸ்" என்றான் ஒருவன்.

"அம்மாச்சி இருந்தா இந்நேரம் அஞ்சு ரூவாயாவது தாம்பாளத்துல வச்சிருக்கும்" என்றான் மகன், வாயில் கேக்கோடு.

வச்சிருப்பாள்தான். நான் டீயைக் குடித்தேன். கேக்கில் முந்திரி கம்மி, டூட்டி ஃபுரூட்டி ஜாஸ்தி. பஸ்ஸுக்கு ஆகும் என்று கை நீட்டி இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டேன்.