கடல் உள்வாங்கும் கரையில்: பிரெத்தான் நாட்குறிப்பு

2024 ஆகஸ்ட் 20, செவ்வாய்

பாரிஸிலிருந்து லான்னியோன் வரை ரயில், அங்கிருந்து பேருந்து என்று மாலையில் பிரான்சின் வடமேற்கே பிரெத்தான் கரையிலுள்ள பெரோஸ்-கிரெக் வந்து சேர்ந்தோம். காரைக்காலிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு என்பதால், நாளைய நடையை த்ரெஸ்த்ராவு கடற்கரையிலிருந்து ப்ளூமனாக் கிராமம் வரையிலான ஐந்து கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்வது என முடிவு செய்தோம். கடல் நீர் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும், விடுதியில் தந்த ஓத அட்டவணையில் நாளைக்குரிய எண் 100-ஐத் தாண்டியிருக்கிறது. இங்கே ஓதத்தின் வலுவை 20 முதல் 120 வரையிலான எண்ணால் சொல்வார்கள். பௌர்ணமி நேற்றுதான் கழிந்தது.

ஆகஸ்ட் 21, புதன்

காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம். கரையோரமாகவே போகும் இந்தப் பாதைக்குச் சுங்கக் காவலர் பாதை என்று பெயர். கடத்தல்காரர்களைக் கண்காணிக்க 1791-இல் சுங்கக் காவலர்களுக்காகத் தொடங்கப்பட்ட இந்த வழி, இன்று மோன்-சேன்-மிஷேல் முதல் சேன்-நசேர் வரை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் நீளும் நடைபாதையின் ஒரு பகுதி. வழிகாட்டுவதற்காக வெள்ளையும் சிவப்புமாகப் பாறையில் தீட்டிய இரட்டைக் கோடுகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பை மகள் ஏற்றுக்கொண்டாள். இருபுறமும் ஊதா நிறத்தில் ஹீத்தர் செடிகளும், அவற்றினூடே மஞ்சள் பூத்த முட்புதர்களும் மண்டிக் கிடந்தன. நடப்பவர்களின் காலடியில் தேய்ந்துபோன மண் மீண்டும் பசுமை பெறுவதற்காகக் கயிறு கட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டாமல் நடந்தோம்.

பிறகு பாறைகள் வந்தன. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் உருகிக் கிடந்த குழம்பு மெல்ல மெல்லக் குளிர்ந்ததால் உண்டான கிரானைட் இது. அப்படி நிதானமாக ஆறியதால்தான் படிகங்கள் இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கின்றன. மகள் பூதக்கண்ணாடியோடு ஒரு பாறையின் முன் குந்திக்கொண்டு, தன் சுண்டுவிரல் நகம் அளவுள்ள ரோஜா நிறக் கட்டியையும், அதை ஒட்டிக் கண்ணாடிச் சில்லு போன்ற சாம்பல் நிறத் துணுக்கையும், இடையிடையே மிளகைத் தட்டித் தூவியதுபோன்ற கரும்புள்ளிகளையும் அம்மாவுக்குக் காட்டினாள். ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ், அபிரகம் என்று நான் பெயர் சொன்னேன். அம்மா புடவைத் தலைப்பால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். காரைக்கால் கரையில் மணல்தான் உண்டு. கடலோரத்தில் பாறையைத் தொடுவது அவருக்கு இதுவே முதல் முறை.

நெப்போலியனின் தொப்பி என்று பெயர் பெற்ற பாறையையும் பார்த்தோம். அந்தத் தொப்பி இன்னும் பெரோஸ்-கிரெக்கில்தான் இருக்கிறதா என்று கேட்கும் ஒரு வாக்கியத்தை, ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெத்தான் போராளிகள் கிளர்ந்தெழுவதற்கான சங்கேதமாக 1944 ஆகஸ்ட் 3 அன்று லண்டன் வானொலி ஒலிபரப்பியது. அதே மாதத்தில் ஜெர்மானியப் படையினர் மேன் ரூஸ் கலங்கரை விளக்கத்தைத் தகர்த்தார்கள். இப்போது நிற்பது போருக்குப் பின் இதே ரோஜா நிறக் கல்லில் எழுப்பியது. பிரெத்தான் மொழியில் மேன் ரூஸ் என்றால் சிவந்த கல். அதன் அடியில் நின்று ஏழு தீவுகளைப் பார்த்தோம். கடற்கிளிகளை வேட்டையிலிருந்து காக்க 1912-இல் சரணாலயமான இடம் அது. ஆகஸ்டில் கடற்கிளிகள் கிளம்பிப் போயிருக்கும் என்பதை மகளிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். ஆனாலும் வெகுநேரம் தேடினாள்.

ஒன்றரை மணிக்கு ப்ளூமனாக்கின் புனித கிரெக் கடற்கரைக்கு இறங்கியபோதுதான் அது நிகழ்ந்தது. கடல் வெகுதூரம் விலகியிருந்தது. படகுகள் ஈர மணலில் சாய்ந்து கிடந்தன. மகள் செருப்பைக் கழற்றிவிட்டு, நடுவே ஒரு பாறைமேல் நிற்கும் சிறு தொழுகை மாடத்தை நோக்கி ஓடினாள். அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"கடல் உள்வாங்கியிருக்கு. பிள்ளையைக் கூப்பிடு."

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு எங்கள் ஊரில் எல்லோரும் மனப்பாடம் செய்த பாடம் அது: கடல் உள்வாங்கினால் நிற்காதே, ஓடு. எங்கள் கடலில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை; இங்கே இன்று 8 மீட்டருக்கும் மேல். நாள்தோறும் இருமுறை இப்படித்தான் போய் வருகிறது என்று எத்தனை முறை சொன்னாலும் அந்தப் பயத்துக்கு அது பதிலாகாது என்பது எனக்குத் தெரியும். மகளைத் திரும்ப அழைத்தேன். படிக்கட்டில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஓத அட்டவணையை மடியில் விரித்து, நீர் வற்றும் நேரத்தையும் ஏறும் நேரத்தையும் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, பௌர்ணமிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பதுதான். உண்டு என்றதும் எழுந்துகொண்டார்.

மூவரும் கைகோத்து மாடம் வரை போனோம். முன்பு அங்கே புனித கிரெக்கின் மரச்சிலை இருந்ததாம். கல்யாணம் கைகூட வேண்டும் என்று இளம்பெண்கள் அதன் மூக்கில் ஊசி குத்திக் குத்தி மூக்கே சிதைந்துபோனதால் பிறகு கற்சிலை வைத்தார்கள். அம்மா கும்பிட்டுவிட்டு, நீர் வந்து போன கறை பாறையில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கையால் அளந்து பார்த்தார்.

கரும்கோதுமை மாவில் சுட்ட கலெத் சாப்பிட்டோம். கடைசிப் பேருந்து வரை காத்திருக்கலாம் என்றார் அம்மா. மாலையில் மாடத்தைச் சுற்றி நீர் சூழ்ந்துகொண்டது. படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. படிக்கட்டில் அமர்ந்த அம்மா, கீழ்ப்படியொன்று நனையும்போதெல்லாம் மகளிடம் மணி கேட்டார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

விடியும் நேரத்தில் விழித்துப் பார்த்தால் அம்மாவைக் காணோம். த்ரெஸ்த்ராவு கடற்கரைச் சுவரருகே கம்பளிச் சட்டையோடு நின்றிருந்தார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. "நேத்தைக்கு நிறைஞ்சதைவிட இன்னைக்கு முக்கால் மணி நேரம் தள்ளித்தானே நிறையும்?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் மறுபடியும் கடலைப் பார்க்கத் தொடங்கினார்.