அலமாரிக் கதவில் வரைந்தவர்கள்

பாரிஸில் தங்கியிருந்தபோது ஓர்சே அருங்காட்சியகத்தில் 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ ஓவியத்தைப் பார்த்தோம். அறுவடை முடிந்த வயலில் சிந்திய கோதுமைக் கதிர்களை மூன்று பெண்கள் குனிந்து பொறுக்குகிறார்கள். 1857இல் வரைந்தது. மில்லே வாழ்ந்த ஊர் எது என்று தேடினால் பார்பிஸோன் என்று வந்தது. பாரிஸிலிருந்து 60 கிலோமீட்டர்தான். சரி, ஒரு நாள் போய் வரலாமே என்று கிளம்பினோம்.

ஊருக்கு ரயில் கிடையாது. ஃபொந்தேன்புளோவில் இறங்கி டாக்சி பிடித்தோம். பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு, வந்த ரயில் டிக்கெட்டைவிட அதிகம் அழ வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, வேறு வழியில்லை. ஆனால் வழியெல்லாம் காடு, வெயிலே தரையில் படாத ஓக் மரங்கள். பணம் போனது கொஞ்சம் மறந்தது.

பார்பிஸோன் என்பது கிட்டத்தட்ட ஒரே தெரு. கிராந்த் ரூ என்று பெயர். கொடி படர்ந்த கல் வீடுகள், இந்த வீட்டில் இன்ன ஓவியர் இருந்தார் என்று சொல்லும் பலகைகள், சுவர்களில் புகழ்பெற்ற ஓவியங்களின் மொசைக் நகல்கள். மீதி இடமெல்லாம் உணவகங்களும் ஓவியக் கடைகளும். கடைகளில் இருந்தவை எனக்குப் பிடிக்கவில்லை. சோபாவின் நிறத்துக்குப் பொருத்தமாக வாங்கும் வகை.

வந்ததற்குப் பலன் கான் விடுதியில் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டில் ஓவியர்கள் மலிவாகத் தங்கிச் சாப்பிட்ட சத்திரம் அது, இப்போது அருங்காட்சியகம். மழை நாளில் காட்டுக்குப் போக முடியாமல் அடைந்து கிடந்தவர்கள் கைக்கு எட்டிய இடத்தில் எல்லாம் வரைந்திருக்கிறார்கள்: கதவு, சுவர், பாத்திர அலமாரி. ஓர் அலமாரிக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். தினமும் கைபட்ட பக்கம் சாயம் தேய்ந்து மரம் தெரிகிறது. அதற்கு ஒட்டினாற்போல் ஒரு குட்டி நிலக்காட்சி. தட்டு எடுக்க அதைத் திறந்து மூடியவர்களுக்கு அது வெறும் கதவாகத்தான் இருந்திருக்கும். ஓர்சேயில் தங்கச் சட்டத்துக்குள் பார்த்ததைவிட இது எனக்கு நெருக்கமாக இருந்தது.

மில்லே 1849இல், பாரிஸில் காலரா பரவியபோது, குடும்பத்தோடு இங்கே வந்தவர். 1875இல் சாகும்வரை இதே ஊர்தான். ஒன்பது பிள்ளைகள், ஓயாத கடன். அவர் போன பிறகு, 1889 ஏலத்தில் அவருடைய ‘ஆஞ்சலஸ்’ ஓவியம் 5,53,000 பிராங்குக்கு விலைபோனது. குடும்பத்துக்கு அதில் ஒரு சல்லி கிடையாது. மறுவிற்பனையில் ஓவியருக்கும் வாரிசுக்கும் பங்கு தரும் சட்டம் பிரான்ஸில் 1920இல்தான் வந்தது. அவர் வீட்டையும் பட்டறையையும் சுற்றிப் பார்க்கையில் இந்தக் கணக்குதான் மண்டையில் ஓடியது.

தெரு முடியும் இடத்தில் காடு தொடங்குகிறது. அங்கே ஒரு பாறையில் மில்லே, இதே ஊரில் இருந்த இன்னொரு ஓவியர் தியோடர் ரூஸோ இருவர் முகமும் வெண்கலத்தில் பதித்திருக்கிறது, 1884இல் வைத்தது. ரூஸோ இந்தக் காட்டு மரங்களை வெட்டக் கூடாது என்று அரசுக்கு விடாமல் மனுப் போட்டவர். ஓவியர்கள் கொடுத்த நெருக்கடியில் 1861இல் 1,097 ஹெக்டேரை ‘கலைப் பகுதி’ என்று ஒதுக்கினார்கள். உலகின் முதல் தேசியப் பூங்கா எனப்படும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோனுக்கு 11 ஆண்டு முந்தியது. காலையில் டாக்சியில் நான் ரசித்த நிழலுக்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

திரும்ப டாக்சிக்காரரைக் கூப்பிட்டால் எடுக்கவே இல்லை. காத்திருப்பதற்குப் பதில் சமவெளி வழியாகப் பக்கத்து ஊரான ஷாயிக்கு நடந்தோம். கோதுமை அறுத்து முடிந்திருந்தது. வரப்பு கிடையாது, கண்ணுக்கு எட்டியவரை ஒரே வயல். அறுத்த தாளின் முனை செருப்பு விளிம்பைத் தாண்டிக் கணுக்காலைக் குத்தியது. நேர் எதிரே ஷாயி தேவாலயத்தின் கோபுரம். ‘ஆஞ்சலஸ்’ ஓவியத்தில் தொலைவில் தெரிவது இதுதான். மாலை வெளிச்சத்தில் தரையும் வானமும் ஒரே பழுப்பு. மில்லே நிறத்தைக் கூட்டிக் குறைத்து வரைந்தார் என்று நினைத்திருந்தேன், அப்படி ஒன்றும் இல்லை.

மில்லேயும் ரூஸோவும் ஷாயி கல்லறைத் தோட்டத்தில்தான் கிடக்கிறார்கள். வாசலை நெருங்கும்போது டாக்சிக்காரர் கூப்பிட்டார், எங்கே வரவேண்டும் என்று. இடத்தைச் சொல்லி, அரை மணி கழித்து வரச் சொன்னேன்.